தோளுக்கு மேல் ஏறாத கை

ஸ்ஃபாக்ஸ்
3 அக்டோபர் 2022

மன்னூபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. எழுதியாயிற்று.

உன் கட்டளை மகள் ரஜா மூலமாக வந்து சேர்ந்தது. அந்தக் கெட்ட நோய் வந்து பிழைத்தவர்களுக்காகத் துனிஸில் ஏதோ ஒரு சங்கம் போன் வழியாக உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறதாம். திங்களும் வியாழனும் காலையில். நான் அதில் சேர்ந்து ஒழுங்காக இருந்தால்தான் நீ வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிப்பாயாம். யோசிப்பாயாம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், ஜனவரியில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனவள், இப்போது அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குப் பரீட்சை வைக்கிறாள்.

நான் யார் என்று உனக்கு மறந்துவிட்டதா? துறைமுக மீன் ஏலத்தில் நான் கூவினால், கெர்கென்னா தீவுக்காரன் படகைக் கட்டுவதற்கு முன்பே தன் கணவாய் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துகொள்வான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் நாம் மூன்று பேரும் பிழைத்தோம். அந்தக் குரலைத் தொண்டையோடு அறுத்து எடுத்து, கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, "இனிமே மூச்சு இதுலதான், பேச்சு கிடையாது" என்று டாக்டர் சொன்னபோது நீதானே பக்கத்தில் நின்றாய். அப்படிப்பட்டவனைப் போய், பாயை விரித்துப் பொம்பளைகளுக்கு முன்னால் காலைத் தூக்கு என்கிறாய்.

காபிக்கடையில் ஸ்லிமானிடம் இதை எழுதிக் காட்டினேன். அவனுக்கும் குடலில் அதே புற்று வந்து போனதுதான். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. "அதெல்லாம் வீட்ல பொழுது போகாதவங்க வேலைய்யா. ஆம்பளைக்கு வியாதி போச்சுன்னா போச்சு. எந்திரிச்சுக் காபிக்கடைக்கு வந்தியா, அதான் எக்சர்சைஸ்" என்றான். நியாயமான பேச்சு.

உன்னிடம் பேசலாம் என்றால் எனக்குக் குரல் இல்லை. போனில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிக் கதையை முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். லுவாஜ் வண்டி ஓட்டும் ரிதா தினமும் துனிஸுக்கு ஆள் ஏற்றிப் போகிறான், கொண்டுவந்து தருவான். காகிதத்தில் கட்டைவிரல் வைப்பவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நீ பள்ளிக்கூடம் போனவள்.

நோன்புப் பெருநாளன்று வெங்காயமும் திராட்சையும் வதக்கி ஷர்மூலா வைக்க ஆளில்லாமல் உப்புமீனை வெறுமனே தின்றேன். இந்த ஊரில் வேறு எந்த வீட்டிலும் அந்தக் கேவலம் நடந்திருக்காது. மே மாதம் முடிந்துபோன விஷயம் என்று நினைக்காதே.

காபிக்கொட்டை அரைக்கும் மெஷினை எங்கே வைத்தாய்?

ஷாத்லி


துனிஸ்
9 அக்டோபர் 2022

ரஜாவின் அப்பாவுக்கு,

மெஷின் கீழ்த்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மேல்தட்டில் இருந்தால் உங்களால் எடுக்க முடியாது என்று கீழே வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது மாதமாகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

தொண்டையை எடுக்கும்போது கழுத்து நரம்பிலும் கை வைத்தார்கள். அதனால் உங்கள் வலது கை தோளுக்கு மேல் ஏறாது. பயிற்சி செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் அவர் பேசி முடிக்கும் வரை ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஸ்லிமான் பேச்சு உங்களுக்கு வேதவாக்கு. அவர் தன் வீட்டு மாடிப்படியை மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை ஊரே பார்த்தது. காபிக்கடை எக்சர்சைஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

நான் ஏன் கிளம்பினேன் என்று கேட்டு நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன். குரல் போன கையோடு கரண்டியைக் கையில் எடுத்தீர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் தட்டில் ஒரு தட்டு. ரொட்டிக்கு இரண்டு. கோபம் வந்தால் தட்டு நெளியும் வரை. பக்கத்து வீட்டு ஸினேப், "என்னடி, உங்க வீட்ல பாத்திரம் தட்டுற பட்டறை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். எழுந்து வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் உங்கள் கால் தேய்ந்துவிடுமா?

வகுப்பில் சேருங்கள். சேராவிட்டால் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மன்னூபியா


ஸ்ஃபாக்ஸ்
28 அக்டோபர் 2022

மன்னூபியாவுக்கு,

சேர்ந்துவிட்டேன். மெஷினும் கிடைத்தது.

அந்த மகாசபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். முதலில் மதாம் பாஸிமா. லா மார்ஸாவில் வீடு, புருஷன் வங்கியில் பெரிய ஆள். அவள் பாய் விரித்திருக்கும் அறையில் நம் வீட்டை அப்படியே தூக்கி வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். நோய் வருவதற்கு முன்பு தினமும் கடற்கரையில் ஓடினாளாம். நோய் இருந்தபோது நடந்தாளாம். இப்போது மறுபடி ஓடுகிறாளாம். இவளுக்கு எதற்கு வகுப்பு? மடவை மீனைப் பிடித்து நீச்சல் சொல்லித்தருவது மாதிரி இருக்கிறது.

மற்றவர்களும் அதே ரகம்தான். ஒரு டீச்சர், ஒரு மருந்துக்கடைக்காரி, ஒரு வக்கீலின் மனைவி. எல்லாருக்கும் ஒல்லி உடம்பு, நல்ல போன், பாதி பிரெஞ்சு. சொல்லித்தரும் பெண் யுஸ்ர் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறார்கள். வாழ்க்கை முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், நோயிலும் முதல் பெஞ்சுதான்.

சிதி பூஸித் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். பருத்த உடம்பு, மூச்சு வாங்குகிறது. அந்த வகுப்பு யாருக்காவது வேண்டுமென்றால் அவளுக்குத்தான் வேண்டும். சமையலறைத் தரையில் போனை மாவு மூட்டை மேல் சாய்த்து வைத்திருந்தாள். மாமியார் குறுக்கே நடந்தாள், பிறகு ஒரு குழந்தை, பிறகு மறுபடி மாமியார். அடுத்த வகுப்புக்கு அவள் இல்லை. யுஸ்ர், "பாவம், அங்க நெட் பிரச்சினை போல" என்றாள். நெட் பிரச்சினையா மாமியார் பிரச்சினையா என்று மீன் விற்றவனுக்கே தெரிகிறது, படித்தவளுக்குத் தெரியவில்லை.

ஆம்பளை நான் ஒருவன்தான். என் முகம் திரையில் வந்ததும் ஸூஸ்காரி ஒருத்தி முக்காட்டைத் தேடி ஓடினாள். "ஆம்பளை இருக்காருன்னு முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?" என்று யுஸ்ரிடம் சண்டை. உடனே பாஸிமா, "இருந்துட்டுப் போகட்டும். அவர் என்ன பேசவா போறார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஏலக்களத்தில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் கூடையை எந்த விலைக்குத் தள்ளியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். இங்கே கையைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றேன், அதுவும் பாதி வரைக்கும்.

இந்தக் கூட்டத்திலேயே எனக்கு அறவே பிடிக்காதவள் ஒருத்தி உண்டு. முகம் கிடையாது, வெறும் கறுப்புக் கட்டம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'விருந்தாளி' என்று இருக்கிறது. தாமதமாக வருவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள், முடிவதற்குள் போய்விடுவாள். நாங்கள் வியர்த்து வழிவதை அவள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். முகம் காட்டத் துணிவில்லாதவள் எதற்கு வர வேண்டும்? ஒளிந்து நின்று ஏலம் பார்ப்பவனை நாங்கள் களத்துக்குள்ளேயே விட மாட்டோம்.

போதுமா? எப்போது வருகிறாய்?

ஷாத்லி


துனிஸ்
5 நவம்பர் 2022

ரஜாவின் அப்பாவுக்கு,

போதாது.

முதல் பெஞ்சுக்காரிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லட்டுமா அந்த வகுப்பில் யார் தங்குகிறார்கள் என்று? கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருப்பவர்கள். அவ்வளவுதான் ரகசியம். சிதி பூஸித்காரிக்கு அது இல்லை. ஸ்ஃபாக்ஸில் எனக்கும் இருந்ததில்லை. சமையலறைக்குக் கதவு வேண்டும் என்று ஒருமுறை கேட்டதற்கு, "உள்ள என்ன தங்கமா காய்ச்சப் போற?" என்று கேட்டீர்கள். அப்போது உங்களுக்குக் குரல் இருந்தது, தெருவுக்கே கேட்டது.

உங்களை மாதிரி ஆண்களுக்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. ஆனாலும் வரமாட்டீர்கள். காபிக்கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தில் ஒருவர் இருமுவீர்கள். யார் முதலில் போவது என்று போட்டி போலிருக்கிறது.

அந்தக் கறுப்புக் கட்டத்துக்காரி விதை கொறித்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? அவளுக்கு என்ன கஷ்டமோ. முகம் தெரியாத ஒருத்தியைப் பழிக்க உங்களுக்குக் குரல்கூடத் தேவைப்படவில்லை பாருங்கள்.

இன்னொன்று. வகுப்புக்குக் கிழிந்த பனியனோடு உட்காராதீர்கள். பின்னால் கொடியில் காயும் உள்ளாடைகளையும் எடுத்து உள்ளே போடுங்கள். கழுத்துத் துணி பழுப்பேறியிருக்கிறது, மாற்றுங்கள். மானம் போகிறது.

மன்னூபியா


ஸ்ஃபாக்ஸ்
18 நவம்பர் 2022

மன்னூபியா,

பனியன் கிழிந்திருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். யுஸ்ர் ரஜாவுக்குத் தெரிந்தவள், அவள் வாய்தான் நீளம் என்று முடிவு செய்தேன். நான் மடையன்.

நேற்று சுவரில் விரல் ஏற்றும் பயிற்சி. சுவர் பக்கத்தில் நின்று விரல்களை நண்டு மாதிரி நடத்தி மேலே கொண்டுபோக வேண்டும். எனக்கும் தோள் வரைக்கும்தான் போகும், மார்பில் அறுவை செய்துகொண்ட அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். நடுவில் அந்தக் கறுப்புக் கட்டம் திறந்துகொண்டது. அவள் தெரியாமல் எதையோ தொட்டிருப்பாள். முகம் தெரியவில்லை. ஒரு சட்டைக் கை, ஒரு சுவர், ஒரு இடது கை. அந்தக் கை சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரை உதறுவது மாதிரி மணிக்கட்டை உதறியது. பிறகு மெதுவாக ஏறியது. தோளுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. கட்டம் மறுபடி கறுத்துவிட்டது.

ஏலத்தில் எந்த வியாபாரியும் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டான். ஒருத்தன் கூடைக்குப் பின்னால் சுண்டுவிரலை மடக்குவான், இன்னொருத்தன் தொப்பியைத் தொடுவான். நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அது யார் கை என்று முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு அடிதடி. அதுதான் என் தொழில். எத்தனை வருஷம் கூஸ்கூஸ் மாவு பிசைந்துவிட்டு என் முன்னால் உதறிய கை, எனக்குத் தெரியாதா?

அப்படியானால் அந்தக் கை ஏன் ஏறவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரஜாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் போடவில்லை. அதுவே பதில்.

ஆக, ஏமாற்றிவிட்டாய். கரண்டிச் சண்டை என்று சொல்லிவிட்டுக் கத்திக்குப் போய்ப் படுத்திருக்கிறாய். மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், முன்பின் தெரியாத லா மார்ஸாக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஊர் முன்னால் நிக்காஹ் செய்து உன்னைக் கைப்பிடித்து வந்தவனுக்குத் தெரியாது. என்னை என்ன கட்டிப்போட்ட கடா என்று நினைத்தீர்களா, நேரத்துக்குத் தழை போட்டால் போதும் என்று? காபிக்கடையில் நான் உன் பிடிவாதத்தைப் பற்றி எழுதி எழுதிக் காட்டி எல்லாரும் சிரித்தார்கள். உனக்காகச் சிரித்தார்களா எனக்காகச் சிரித்தார்களா என்று இப்போது தெரியவில்லை. பொய்க்காரி. இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு என் பனியனைக் குறை சொல்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்து அழிக்கப் போவதில்லை.

என்னை ஏன் ஏமாற்றினாய்? பதில் எழுது.

ஷாத்லி


துனிஸ்
24 நவம்பர் 2022

ரஜாவின் அப்பாவுக்கு,

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றிவிட்டாய், பொய்க்காரி, காபிக்கடையில் என் மானம். எப்படி இருக்கிறாய் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. ரஜாவையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் கிடைக்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் கழுத்துக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மார்பில் ஒரு கட்டி என் கையில் தட்டுப்பட்டது. உங்கள் ஓட்டையைத் துடைத்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது? உங்கள் தங்கையிடம் காலையில் சொன்னால் மதியத் தொழுகைக்குள் ஸ்ஃபாக்ஸ் முழுக்க, "அந்த வீட்ல ரெண்டு பேருக்குமே கெட்ட நோயாம், என்ன பாவம் பண்ணாங்களோ" என்று ஆகியிருக்கும். உங்களிடம் சொல்லலாம் என்றால், நீங்கள் அப்போது மூச்சுவிடக் கற்றுக்கொண்டிருந்தீர்கள். ஒரு வீட்டில் ஒரு நோயாளிக்குத்தான் இடம். அந்த இடத்தில் நீங்கள் கால் நீட்டிப் படுத்திருந்தீர்கள். எனக்கு ஒதுங்கி உட்காரக்கூட இடமில்லை. அதனால் கிளம்பினேன். கரண்டி சாக்கு என்று நினைக்காதீர்கள், அதுவும் உண்மைதான்.

பிப்ரவரியில் அறுவை. பிறகு கீமோ. நீங்கள் ஷர்மூலா இல்லாமல் உப்புமீன் தின்ற அந்தப் பெருநாளன்று எனக்கு வெங்காயம் என்ற பேச்சே ஆகவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. முடியெல்லாம் போய் இப்போது ஆம்பளைப் பிள்ளை மாதிரி முளைத்திருக்கிறது. ரஜா வேலைக்குப் போன நாட்களில் என்னை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனவள் உங்கள் மடவை மீன், மதாம் பாஸிமாதான். கதவைத் திறந்து பிடித்துக்கொள்வாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

நீங்கள் வருவதற்கு முன்னால் நான் முகம் காட்டித்தான் அந்த வகுப்பில் இருந்தேன். ஜோக்கடித்துச் சிரித்துக்கொண்டு. நீங்கள் வந்த பிறகுதான் கறுப்புக் கட்டமானேன். அப்படியும் ஏன் உங்களைச் சேரச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நீங்கள் நன்றாக இருப்பதாக ரஜா சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தேன். கிழிந்த பனியன்.

இப்போது வீட்டுக்கு வா என்று எழுதாதீர்கள். வந்து யாருக்கு யார் கஞ்சி வைப்பது? என்னால் ஒரு பானையைத் தூக்க முடியாது. இரக்கப்பட்டுக்கொண்டு நீங்களும் இங்கே வராதீர்கள், கதவைத் திறக்க மாட்டேன். வகுப்புக்கு இனி நான் வரவில்லை. நீங்கள் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

மன்னூபியா


ஸ்ஃபாக்ஸ்
3 டிசம்பர் 2022

மன்னூபியாவுக்கு,

நீ எழுதியதற்கு எதிர்வாதம் யோசித்தேன். கிடைக்கவில்லை. அதற்காக நீ சொன்னதெல்லாம் சரி என்று எழுதித் தருவேன் என்று எதிர்பார்க்காதே.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போனேன். பாஸிமா என்னைப் பார்த்து, "அவங்க எங்க? ஏன் வரல? எல்லாம் உங்களாலதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சுவரில் விரலை ஏற்றிக்கொண்டு நின்றேன்.

கழுத்தில் அழுத்திப் பிடித்தால் பேச்சு வரும் என்று ஒரு கருவி உண்டு. போன வருஷமே ஆஸ்பத்திரியில் கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. துறைமுகத்தையே அதட்டிய குரல் இருந்த இடத்தில் அந்த எழவை வைத்துக்கொள்வதைவிட ஊமையாகச் சாகலாம் என்று நினைத்தேன். இந்த வாரம் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். பேசினால் டிராக்டர் மாதிரி இருக்கிறது. பூனைக்குப் பேசிக் காட்டினேன், ஓடியது இன்னும் திரும்பி வரவில்லை. ஸ்லிமானுக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

உன்னிடம் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கேட்டால், "நான் சொன்னதால்தான் கேட்கிறீர்கள்" என்று பதில் எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ரஜாவின் போனுக்குக் கூப்பிடுகிறேன். எடு. சிரித்தால் வைத்துவிடுவேன்.

ஷாத்லி


துனிஸ்
10 டிசம்பர் 2022

ரஜாவின் அப்பாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. மருமகன்தான் அடுப்பு ஏதோ வெடிக்கப் போகிறது என்று சமையலறைக்கு ஓடினார். டிராக்டர் என்று எழுதியிருந்தீர்கள். டிராக்டர் வைத்திருப்பவன் கேட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவான்.

முதலில் ஏதோ சொன்னீர்கள். பிறகு இருமினீர்கள். பிறகு அதையே மறுபடி சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது முறையும் சொன்னீர்கள், அதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. எதற்கென்று தெரியாமலே நான் "ஆமா, ஆமா" என்றேன். நீங்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டீர்கள் என்று ரஜா சத்தியம் செய்கிறாள். அவள் அழுதுகொண்டு சொன்னதால் அதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. அதை நச்சரிக்காதீர்கள்.

நீங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. நாளைக்கு மறுபடி கூப்பிடுங்கள்.

மன்னூபியா